மானம் தெரியாத எந்திரனும் மானம் தெரிந்த கூட்டமும்: ஒரு பள்ளித் திரையிடலில் நடந்தது

பின்னணி

2023 ஆகஸ்டில் காவிரி டெல்டாப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எந்திரன்’ படத்தை மூன்று வெள்ளிக்கிழமைகளில் பகுதி பகுதியாகப் போட்டுக் காட்டி, அதைப் பற்றிப் பேசினோம். நான் அந்தப் பள்ளிக்கு வாரம் ஒருமுறை நூலக வகுப்பு எடுக்கப் போகிற தன்னார்வலன். கூட இருந்தவர் அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியை. இரண்டாவது வெள்ளிக்கிழமை நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அதை அப்போது நான் கையாண்ட விதம் தவறு. பள்ளிகளில் படம் போட்டுக் காட்டுகிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஊர், பள்ளி, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட மாணவிக்கும் அவள் பாட்டிக்கும் இதை வாசித்துக் காட்டி, அவர்கள் எடுக்கச் சொன்ன இரண்டு இடங்களை எடுத்துவிட்டேன்.

வகுப்பில் 34 பேர். பெண் பிள்ளைகள் 19, பையன்கள் 15. படம் 2010 அக்டோபர் 1 அன்று வெளியானபோது இவர்களில் பெரும்பாலோர் கைக்குழந்தைகள். ஆனாலும் டிவியில் எத்தனையோ முறை பார்த்திருந்தார்கள். யாரைக் கேட்டாலும் ஒரு காட்சியாவது சொல்வார்கள். முழுதாக ஒரே மூச்சில் பார்த்தவர்கள் நான்கைந்து பேர்தான். அதனால்தான் இந்தப் படத்தை எடுத்தோம். தெரிந்த படமாக இருந்தால் கதை என்ன ஆகும் என்கிற பரபரப்பு இருக்காது, பேச நேரம் கிடைக்கும் என்று நினைத்தோம்.

என்ன திட்டம் வைத்திருந்தோம்

செல்போனில் கேள்வி கேட்டால் மனிதரைப் போலப் பதில் சொல்லும் செயலிகளைப் பற்றிப் பிள்ளைகள் அப்போது ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘அதுக்குக் கோபம் வருமா டீச்சர்?’ என்று ஒரு பையன் கேட்டதுதான் தொடக்கம். இயந்திரத்துக்கு உணர்ச்சி வருமா என்பதை மையமாக வைத்து ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன்.

அதில் நல்ல சரக்கு இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ‘ரோபோ’ என்ற சொல் 1920இல் செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது, அந்த மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 1942இல் ரோபோக்களுக்காக எழுதிய மூன்று விதிகள். ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற உரையாடும் நிரல். அதனோடு பேசிக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரை அனுப்பினாராம். இந்தப் படத்தில் பங்காற்றி, அது வெளிவரும் முன்பே 2008இல் மறைந்த சுஜாதாவைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது.

படம் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் சேர்ந்து 80 நிமிடம். முதல் வாரம், விஞ்ஞானி உருவாக்கிய சிட்டி என்ற ரோபோவை ஆய்வுக்குழு நிராகரிக்கும் வரை, இரண்டாம் வாரம் தீ விபத்தும் அதைத் தொடர்ந்து சிட்டிக்கு உணர்ச்சி வருவதும், மூன்றாம் வாரம் மீதி என்று பிரித்தோம். நான் படத்தைப் பல வருடத்துக்கு முன் தியேட்டரில் பார்த்ததோடு சரி. எந்த இடத்தில் நிறுத்துவது என்று பார்க்க வேகமாக ஓட்டிப் பார்த்தேன். உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆசிரியை அதையும் பார்க்கவில்லை, என்னை நம்பி விட்டுவிட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை

நன்றாகப் போனது. ஆய்வுக்குழுத் தலைவர் சொன்னதும், தன்னைப் படைத்தவர் என்றுகூடப் பார்க்காமல் சிட்டி கத்தியை ஓங்குகிற இடத்தில் நிறுத்தினோம். ‘சொன்னதைச் செய்வது புத்தியா?’ என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, ‘எங்க மாமா பட்டறையில லேத்து அப்படித்தான் சார். கை உள்ள போனாலும் நிக்காது, நாமதான் சுவிட்ச ஆஃப் பண்ணணும்’ என்றான். அன்றைக்கு நான் கொண்டுபோன குறிப்புகள் எல்லாவற்றையும்விட அந்த லேத்துதான் வகுப்புக்குப் புரிந்தது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை: அந்தக் காட்சி

படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தீப்பிடித்த அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து சிட்டி ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவில் விடுகிறது. கேமராக்கள் அவளைப் படம் பிடிக்கின்றன. அவள் கூசிப்போய் ஓடுகிறாள், லாரியில் அடிபட்டுச் சாகிறாள். ஒரு உயிரைக் காப்பாற்றினோம் என்பது மட்டுமே சிட்டிக்குத் தெரிகிறது. அதற்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று விஞ்ஞானி முடிவுசெய்வது இதன் பிறகுதான். கதையின் திருப்புமுனையே அந்தச் சாவுதான்.

ஸ்மார்ட் கிளாஸ் அறையில் ஜன்னல்களைப் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களால் மறைத்திருந்தோம். பெண் பிள்ளைகள் இடப்பக்கப் பாயிலும் பையன்கள் வலப்பக்கத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வரும்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கிய சிரிப்புதான், இரண்டு மூன்று பேர் இருக்கலாம். லாரி வந்ததும் அறை அடங்கிப்போனது.

பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் ஒரு மாணவி, பக்கத்தில் இருந்த புத்தகப் பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். முகவாயைப் பையின் மேல் பதித்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

படத்தை அங்கேயே நிறுத்தி, கேள்வித்தாளில் இருந்தபடியே கேட்டேன்: ‘சிட்டி செஞ்ச தப்பு என்ன?’

வகுப்புத் தலைவி எழுந்தாள். நன்றாகப் படிக்கிற, தெளிவாகப் பேசுகிற பிள்ளை. ‘அவள அப்படியே விட்டிருக்கணும் சார். உள்ளயே செத்திருந்தா மானத்தோட செத்திருப்பா’ என்றாள்.

பல தலைகள் ஆமாம் என்று அசைந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அதிர்ச்சியில்தான் அன்றைய பெரிய தவறைச் செய்தேன். ‘எத்தனை பேர் இப்படி நினைக்கிறீங்க, கை தூக்குங்க’ என்றேன். இருபதுக்கும் மேல் கைகள் எழுந்தன, பையன்களும் பெண்களும் சமமாக. பையை அணைத்திருந்த பெண் முன்னும் பின்னும் பார்த்தாள். கடைசியாக அவள் கையும் எழுந்தது.

உயிர்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது என்று பேசத் தொடங்கினேன். சொன்னது சரியான பேச்சுதான், ஆனால் யார் காதிலும் ஏறவில்லை. ஐந்து நிமிடத்தில் மணி அடித்துவிட்டது.

மணி அடித்த பிறகு

எல்லோரும் போன பின்பும் அந்த மாணவி எழுந்திருக்கவில்லை. ஆசிரியை அதைக் கவனித்தார். என்னைப் போகச் சொல்லிக் கண் காட்டிவிட்டு அவளருகே உட்கார்ந்தார். பிறகு பஸ் நிறுத்தம் வரை அவளோடு நடந்து போனார்.

எனக்குத் தெரியாத, ஆசிரியைக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. பள்ளி திறந்த மூன்றாவது வாரம், வகுப்பில் இருக்கும்போதே அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு வந்து யூனிஃபார்மில் கறை பட்டிருந்தது. கரும்பலகையில் கணக்குப் போட அழைத்தார்கள். போனாள், யாரோ சிரித்தார்கள், மறுநாளே ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. அதன் பிறகு 12 நாள் அவள் பள்ளிக்கே வரவில்லை. பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுப்போன பிறகுதான் மறுபடி வரத் தொடங்கினாள். காய்ச்சல் என்று வருகைப் பதிவேட்டில் எழுதியிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவள் கேட்ட கேள்வியை ஆசிரியை அன்று இரவே போனில் சொன்னார்:

‘டீச்சர், அந்தப் பொண்ணு ஓடாம அங்கேயே நின்னிருந்தா, எல்லாரும் என்ன பண்ணியிருப்பாங்க?’

ஆசிரியை சுற்றி வளைக்காமல், ‘உனக்குச் செத்துடலாம்னு தோணுச்சா?’ என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார். ‘அப்போ ரெண்டு நாள் தோணுச்சு. இப்ப இல்ல’ என்று பதில் வந்திருக்கிறது. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகிவிடுமே என்று பலர் தயங்குவார்கள். கேட்பதால் எண்ணம் வளர்வதில்லை என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஆசிரியைக்கு ஒரு பயிற்சி வகுப்பில் தெரியவந்திருந்தது. எனக்கு அந்தத் துணிவு இருந்திருக்காது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சனிக்கிழமை காலை தலைமையாசிரியையின் அறையில் மூவரும் உட்கார்ந்தோம். முதல் விஷயத்தில் விவாதமே இல்லை. பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பாட்டியை வரவழைத்துப் பேசுவது. அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகரிடம் கூட்டிப்போவது. இடையில் எந்த நேரமும் பேசுவதற்கு 14416, 104 ஆகிய அரசு உதவி எண்களைப் பாட்டியின் போனில் பதிந்து கொடுப்பது. திங்கட்கிழமையே ஆசிரியை கூடப் போனார். ‘இப்ப இல்ல’ என்று சொன்ன பிள்ளையை அதோடு விட்டுவிடக் கூடாது என்பதில் தலைமையாசிரியை உறுதியாக இருந்தார்.

படத்தை என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. நிறுத்திவிடலாம் என்றார் தலைமையாசிரியை. அந்த இடத்தைத் தாண்டி மீதியைப் போட்டு முடித்துவிடலாம் என்றேன் நான். வெட்கத்தில் சொன்ன யோசனை அது. ஆசிரியை இரண்டையும் மறுத்தார். ‘முப்பத்துநாலு பேர் முன்னாடி அவ கை தூக்கியிருக்கா சார். அதை அப்படியே விட்டுட்டுப் போனா, அந்த வகுப்பு எடுத்த முடிவு அதுதான்னு ஆயிடும்’ என்றார்.

அந்தக் காட்சியைத் திரும்பப் போடுவதில்லை, ஆனால் அதைப் பற்றி மறுபடி பேசுவது என்று முடிவானது. போட்டுக் காட்டினால் எல்லாக் கண்ணும் மறுபடி அந்தப் பெண்ணின் மேல்தான் போகும். நாங்கள் பேச வேண்டியது அவளைச் சுற்றி நின்றவர்களைப் பற்றி. என் கேள்வித்தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 11 கேள்விகள். எல்லாமே சிட்டியையும் அதைச் செய்த விஞ்ஞானியையும் பற்றியவை. கூட்டத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. படமும் அந்தக் கூட்டத்தை எதுவும் கேட்பதில்லை. இயந்திரத்துக்கு மானம் தெரியவில்லை என்ற குறையைத்தான் அது கையில் எடுத்துக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போகிறது. கதைக்கு அது தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சாவு சிட்டி படிக்க வேண்டிய அடுத்த பாடமாக மட்டும் ஆகிவிடுகிறது. பதின்மூன்று வருடமாக எனக்கும் அது அப்படித்தான் மனதில் இருந்தது.

கையைத் தூக்கச் சொல்வது இனி கிடையாது, பதில்கள் சீட்டில் வரும், பெயர் எழுத வேண்டாம். அந்த மாணவியிடம் என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, நூலகத்தில் இருந்துகொள்ளலாம் என்றும் சொன்னோம். அவள் யோசித்துவிட்டு, ‘இருக்கேன். கடைசி வரிசையில உக்காந்துக்கறேன்’ என்றாள்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை

விளக்குகளை அணைக்கவில்லை, ஜன்னல்களையும் திறந்தே வைத்தோம். ஆசிரியை கரும்பலகையில் மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு தெருவை வரைந்தார். கட்டடம், தீயணைப்பு வண்டி, சிட்டி, விஞ்ஞானி, கேமராக்காரர்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம், லாரி. ஒவ்வொன்றும் ஒரு வட்டம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரு சின்னப் புள்ளி. ‘அவள் உயிரோடு வீட்டுக்குப் போயிருக்க, இதில் யார் என்ன செய்திருக்கலாம்?’ என்ற ஒரே கேள்வி. சீட்டுகளை ஒரு பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் போட வேண்டும்.

அன்று வந்திருந்தவர்கள் 32 பேர். ஆசிரியை ஒவ்வொரு சீட்டாக வாசித்தார். ‘கேமராவை கீழ இறக்கியிருக்கலாம்.’ ‘யாராவது ஒரு துண்டு குடுத்திருக்கலாம்.’ ‘தீயணைப்பு வண்டியில கம்பளி இருக்கும்.’ ‘எல்லாரும் திரும்பி நின்னிருக்கலாம்.’ துண்டு, சேலை, போர்வை என்று மட்டும் 14 சீட்டுகளில் இருந்தது. ஒன்றில், ‘போன வாரம் நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. அதை வாசிக்கும்போது ஆசிரியையின் குரல் இறங்கியது. சொல்லாமல் விட முடியாத இன்னொன்றும் உண்டு: மூன்று சீட்டுகளில் ‘அவள் செத்ததே நல்லது’ என்பதன் ஏதோ ஒரு வடிவம் இருந்தது.

பிறகு அசிமோவின் முதல் விதியை எடுத்தேன். மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேரும்போது சும்மா இருக்கவும் கூடாது. அந்த விதிப்படி பார்த்தால் சிட்டி செய்தது சரியல்லவா என்று கேட்டேன். தீயிலிருந்து காப்பாற்றியது சரி, பலர் பார்ப்பதே ஒரு தீங்கு என்பது அதற்கு எப்படித் தெரியும் என்று இரண்டு பேர் வாதாடினார்கள். அப்போது லேத்துப் பையன் எழுந்தான்.

‘சிட்டிக்கு வெட்கம்னா தெரியாது, சரி சார். கேமரா வெச்சிருந்தவனுக்குத் தெரியும்ல?’

யாரும் பேசவில்லை. நானும் எதுவும் சேர்க்கவில்லை. போன வாரம் பேசிக் கெடுத்தது நினைவிருந்தது. வகுப்புத் தலைவி மெதுவாகச் சொன்னாள்: ‘நான் அவள மட்டும்தான் பாத்தேன் சார். அவங்கள பாக்கவே இல்ல.’

மீதி நேரத்தில் உணர்ச்சி வந்த பிறகு சிட்டி பிரசவம் பார்க்கிற காட்சியைப் போட்டோம். கடைசியில் 2030இல் அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிச் சிறுமி கேட்கும் கேள்விக்கு, தான் சிந்திக்கத் தொடங்கியதால்தான் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டேன் என்று சிட்டி சொல்லும் இடத்தையும் போட்டோம். இடைப்பட்டதை ஆசிரியை கதையாகச் சொல்லிவிட்டார். பிரசவக் காட்சியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலும் கைதட்டல் கேட்டது. அதற்கு மேல் அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு போட்டிருந்தேன்.

தொடர்ந்து நடந்தவை

மாணவி ஆலோசகரை இரண்டு முறை பார்த்தாள். மூன்றாவது முறை அவசியமில்லை, தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆலோசகரே சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வு வரை அவள் எடுத்த விடுப்பு இரண்டு நாள். பட்டப்பெயர் வைத்த பையன்களை ஆசிரியை தனித்தனியாக அழைத்துப் பேசினார். அவர்களை மன்னிப்புக் கேட்க வைக்கலாமா என்று அவளைக் கேட்டபோது வேண்டாம் என்றாள். மறுபடி அந்தப் பேச்சே வர வேண்டாம், அது நின்றால் போதும் என்பது அவள் விருப்பம். உடனே நிற்கவில்லை. செப்டம்பர் நடுவில் ஒருமுறை மறுபடி கேட்டது. அதன் பிறகு கேட்கவில்லை என்று ஆசிரியை சொல்கிறார்.

ஒரு பையனின் அம்மா, படம் காட்டுகிறேன் என்று இதையெல்லாமா பேசுவார்கள் என்று பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். தலைமையாசிரியை அவரை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளாமல்தான் போனார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அரசு கொடுக்கும் சானிட்டரி நாப்கின் பள்ளியில் இருந்தது, ஆனால் அலுவலக அறை பீரோவில் பூட்டியிருந்தது. சாவி ஆண் எழுத்தரிடம். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் எந்தப் பெண் பிள்ளையும் அவரிடம் போய்ச் சாவி கேட்டதில்லை. இப்போது அது பெண்கள் கழிவறைக்குப் பக்கத்து அறையில், பூட்டில்லாத அலமாரியில் இருக்கிறது. கூடவே மூன்று அளவுகளில் பழைய யூனிஃபார்ம் சுரிதார்களும் துவைத்து மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இந்த யோசனை அந்த 14 சீட்டுகளிலிருந்து வந்தது. கூட்டத்தில் இருப்பவர்கள் கையில் ஒரு துண்டு இருக்க வேண்டும் என்றார் ஆசிரியை.

இனி மாற்றிக்கொள்வது

படத்தை முழுதாக, வேகமாக ஓட்டாமல், இரண்டு பேர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஆசிரியை மட்டும் அந்தக் காட்சியை முன்பே பார்த்திருந்தால் அன்றைக்கே வேறு கேள்வி கேட்டிருப்போம்.

திரையிடலுக்கு முன் வகுப்பாசிரியரிடம், சமீபத்தில் எந்தப் பிள்ளைக்காவது ஏதாவது நடந்ததா என்று கேட்க வேண்டும். விவரம் கூட வேண்டாம், ஆம் இல்லை என்றால் போதும். வெளியிலிருந்து போகிற என்னைப் போன்றவர்களுக்குப் பதிவேட்டில் எழுதிய காய்ச்சல்தான் தெரியும்.

சாவு, அவமானம், வன்முறை உள்ள காட்சிக்குப் பிறகு குறைந்தது 20 நிமிடம் பேச நேரம் வேண்டும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்படிப்பட்ட கேள்வியை எடுக்கக் கூடாது. மனதைத் தொடும் எந்த விஷயத்திலும் கை தூக்கச் சொல்லக் கூடாது. அந்தப் பெண் கடைசியாகக் கையைத் தூக்கியது தன் கருத்தைச் சொல்ல இல்லை, தனியாக நிற்காமல் இருக்க. நான்தான் அவளை அந்த நிலையில் வைத்தேன்.

‘செத்ததே நல்லது’ என்ற மூன்று சீட்டுகளையும் கையெழுத்து வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், 32 நோட்டுப் புத்தகங்கள் ஆசிரியையிடம்தான் இருக்கின்றன. பெயர் வேண்டாம் என்று வாக்குக் கொடுத்ததால் நாங்கள் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதிலாக ஆலோசகரையே அக்டோபரில் பள்ளிக்கு வரவழைத்தோம். அந்த வகுப்பின் 34 பேரையும் ஐந்தைந்து பேராகவும், கடைசிக் குழுவில் நான்கு பேராகவும் அவர் உட்காரவைத்துப் பேசினார். முடிந்த பிறகு தனியாகப் பேச விரும்புபவர்கள் இருக்கலாம் என்றார். நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பையன்கள்.